காப்புக் கட்டிய வாரத்தில் ஒரு சைனீஸ் கடை

கொழும்பில் எந்தச் சின்னச் சைனீஸ் கடைக்குப் போனாலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. காசைக் கொடுத்துவிட்டு, பார்சல் கைக்கு வரும்வரை குசினிப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். தாச்சி என்கிற பெரிய வாணலியில் கரண்டி படும் சத்தத்துக்கு நடுவே, "அந்த லீக்ஸ இங்குட்டுத் தள்ளுய்யா" என்று ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான், நம்ம ஆள் என்று தெரிந்துவிடும். விசாரித்தால் ஊர் ஹட்டன் என்பார்கள், பூண்டுலோயா என்பார்கள். வாசலில் சிவப்பு விளக்கும் டிராகன் படமும் இருக்கும். உள்ளே சமைப்பவர் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவராக இருப்பார். நானும் அப்படி ஒரு லயத்து அறையில் பிறந்தவள்தான், அதனால் எனக்கு இதில் ஒரு தனிக் கர்வம்.

இந்தப் பயணம் அப்படி ஒரு தம்பி சொல்லித்தான் நடந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் தாச்சி பிடிக்கிறவர். "எங்களோட புஷ்பான்னு ஒரு அக்கா வேல செஞ்சாங்க. பாத்திரம் கழுவத்தான் வந்தாங்க, போகும்போது மெயின் தாச்சியே அவங்க கையில. இப்ப அக்கரப்பத்தனையில சொந்தமா சைனீஸ் கடை போட்டிருக்காங்க. அங்க போய் ஒருக்கா சாப்புட்டீங்கன்னா இந்தப் பக்கம் திரும்பமாட்டீங்க," என்றார். சித்திரை பிறந்து பத்து நாள் போல இருக்கும். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். மனசு முழுக்க ஹாட் பட்டர் கணவாய் மீனும் காரமான டெவல் சிக்கனும்தான். நுவரெலியா மாவட்டத்துக்கு மக்கள் நீர்வீழ்ச்சி பார்க்கப் போவார்கள், நான் கணவாய் தின்னப் போனேன்.

வழி கேட்டு எழுதுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்பு புறக்கோட்டையில் காலை ஐந்தரைக்கு ஹட்டன் பஸ் ஏறினேன். கினிகத்தேனை தாண்டியதும் சுவெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் பையைத் துழாவ வளைவுகள் விடாது. பத்தரைக்கு ஹட்டன். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அக்கரப்பத்தனை பஸ்ஸைப் பிடித்தேன். தலவாக்கலை, லிந்துலை என்று போகும். தலவாக்கலைக்கு அப்பால் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் ஒவ்வொரு தோட்டத்துச் சந்தியிலும் நிற்பதால் ஒரு மணிநேரத்தை விழுங்கிவிடும். இடது பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். சைனீஸ் கடை எங்கே என்று கண்டக்டரிடம் கேட்டேன். "பார்சல் வாசன வரும், எறங்கிருங்க," என்றார். அவர் சொன்னபடியே வந்தது.

போன் திருத்தும் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒரே ஒரு அறை. காத்திருப்பவர்கள் உட்கார இரண்டு மர வாங்கு. டிராகன் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை, 'புஷ்பா சைனீஸ்' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை மட்டும். அதற்குக் கீழே ஒரு அட்டை தொங்கியது: 'காப்புக் கட்டியிருப்பதால் மரக்கறி மட்டும்.'

என் தலையில் நானே ஒன்று போட்டுக்கொண்டேன். சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் திருவிழா வரும், கையில் மஞ்சள் கயிற்றுக் காப்புக் கட்டினால் தேர் முடியும்வரை அந்தத் தோட்டத்தில் மீனும் இறைச்சியும் முட்டையும் கிடையாது. இது லயத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கொழும்பில் இருபது வருடம் இருந்தால் இப்படித்தான் புத்தி மழுங்கும் போல.

"கணவாய் இல்லையா?" என்று நான் கேட்ட தொனியில் புஷ்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வயது இருக்கும், முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள். "எங்க இருந்துக்கா வர்றீங்க?" என்றார். சொன்னேன். "அம்புட்டுத் தூரத்துல இருந்தா? ஐயோ பாவம். உக்காருங்க, காளான்ல செஞ்சு தாறேன். நல்லா இல்லாட்டிக் காசு வேணாம்."

முழு ஃபிரைட் ரைஸ் தொள்ளாயிரத்தைம்பது ரூபாய், பாதி அறுநூறு. பாதியே இரண்டு பேருக்குக் காணும். பார்சலுக்குத்தான் கடை என்றாலும் எனக்கு ஒரு தட்டில் லன்ச் சீட் பொலித்தீனை விரித்துக் கொடுத்தார்கள். சோறு உதிரி உதிரியாக, காலையில் பிடுங்கிய, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸின் பச்சை வாசத்தோடு இருந்தது. கொழும்புக் கடைகளுக்கு லீக்ஸும் கெரட்டும் கோவாவுமாக மரக்கறி லொறியேறிப் போவது இந்த மலையிலிருந்துதான். போய்ச் சேர்வதற்குள் பாதி வாடிவிடும். இங்கே அது தோட்டத்திலிருந்து தாச்சிக்குப் போக அரைமணிநேரம். ஹாட் பட்டர் காளானைக் கடித்தால் மொறுமொறுவென்று உடைந்தது. சோற்றில் கறுப்பாக, லேசான இனிப்போடு ஒரு சாஸ். "சிப்பி சாஸ் போட முடியாதுல்லக்கா, அதுக்குப் பதிலா காஞ்ச காளான அவிச்சு நானே காய்ச்சினது," என்றார். கணவாயை நான் மறந்தே போனேன்.

சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்தேன். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும் பெண்கள் பாதி பார்சல் வாங்குகிறார்கள், கூடவே, "ஆணம் கொஞ்சம் கூட ஊத்துங்க" என்று குழம்பு கூடுதலாகக் கேட்கிறார்கள். வீட்டில் வெள்ளைச் சோறு ஆக்கி, அதற்கு இந்தப் பார்சலையே கறியாகத் தொட்டுக்கொள்வார்களாம். சீனாக்காரர் கேட்டால் மயங்கி விழுவார். புஷ்பாவோ கேட்பதற்கு முன்பே இரண்டு கரண்டி கூட ஊற்றுகிறார்.

காசு கொடுக்கப் போனபோதுதான், "நாளைக்கு இருந்துட்டுப் போங்கக்கா, மேல கோயில்ல பகல் உபயம் நம்மளோடது," என்றார். திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒருவர் பொறுப்பேற்று ஊருக்குச் சாப்பாடு போடுவதுதான் உபயம். ஒரு நாள் கீழ் லயம், ஒரு நாள் பேக்டரிக்காரர்கள், ஒரு நாள் பெரிய கடைக்காரர்கள். மாலையில் மைக்கில் பெயரைச் சொல்வார்கள். "சின்னதுல இருந்து அந்த மைக்குல மத்தவங்க பேரத்தான் கேட்டிருக்கேன். கடை தொறந்த பொறகு எங்ககிட்டயும் நன்கொடை வாங்குவாங்க, நாள் மட்டும் குடுக்கமாட்டாங்க. ஒருக்கா நம்ம கடைப் பேரு அதுல வரணும்க்கா," என்றார்.

இந்த வருடம் ஒரு நாள் காலியாக இருந்திருக்கிறது. எல்லோரையும் போலச் சாம்பார் சாதம் போடுவதென்றால் தருகிறோம் என்றதாம் கோயில் கமிட்டி. புஷ்பா முடியாது என்றிருக்கிறார். "சாம்பார் சாதம் நான் விக்கிறதில்லயே. எனக்குத் தெரிஞ்ச தொழில்லதான அம்மனுக்குச் செய்யணும்?" கடைசியில் கமிட்டி ஒத்துக்கொண்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. காப்புச் சுத்தத்தில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் அந்தச் சாப்பாடு பந்திக்கு வராது. கமிட்டி தயாராக வைத்திருக்கும் சாம்பார் சாதத்தைப் போட்டுவிட்டு, கமிட்டி உபயம் என்று மைக்கில் சொல்லிவிடுவார்கள். பெரிய வில்லங்கம் பிடித்த நிபந்தனைதான். அதற்கும் தலையாட்டியிருக்கிறார்.

பேக்கரிக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. ராத்திரிக்கு ஆயிரத்தைந்நூறு, சுடுதண்ணீர் கேட்டால் வாளியில் வரும். காலையில் புஷ்பாவின் கணவர் யோகன் ஓட்டும் ஆட்டோவில், அண்டாக்களுக்கு நடுவே நானும் ஒரு அண்டா மாதிரி உட்கார்ந்து கோயிலுக்குப் போனேன்.

கோயில் சாப்பாடு என்றால் ஒரே பெரிய பாத்திரத்தில் வேகும், இறக்கினால் முடிந்தது. ஃபிரைட் ரைஸ் அப்படி வராது, தாச்சி தாச்சியாகத்தான் கிளற வேண்டும். முந்நூறு பேருக்கு அப்படிக் கிளறுவது லேசுப்பட்ட காரியமா? மரக்கறியைக் கடையிலேயே பாதி வதக்கிக் கொண்டுவந்து, கோயில் கொட்டகையில் இரண்டு கேஸ் அடுப்பு வைத்துக் கடைசிச் சூட்டை அங்கே கொடுத்தார். என்னிடம் ஒரு கத்தியையும் ஒரு மூட்டை லீக்ஸையும் தள்ளிவிட்டார். முதல் அண்டா நிரம்பிய நேரத்தில் கமிட்டித் தலைவர் ராமையா உள்ளே வந்தார். கையில் காப்பு, நெற்றி நிறைய விபூதி. அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற ஆறு போத்தல்களைப் பார்த்தார். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினார். அதில் பெரிய சிப்பிப் படம்.

எனக்கு என்ன நடந்தது என்று உடனே விளங்கிவிட்டது. லயத்தில் எந்தப் போத்தலையும் யாரும் எறிவதில்லை. எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் பால்மா டின்னில் இருந்தது, மண்ணெண்ணெய் சர்பத் போத்தலில் இருந்தது. புஷ்பாவும் காலியான சிப்பி சாஸ் போத்தல்களைக் கழுவிக் காயவைத்து, தான் காய்ச்சிய காளான் சாஸை அதிலேயே ஊற்றி வைத்திருக்கிறார்.

"போத்தல் மட்டுந்தாண்ணே அது. உள்ள காளான். நாந்தான் காய்ச்சினேன்," என்றார் புஷ்பா.

தலைவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "நான் நம்புறேன் புள்ள. ஆனா இந்தப் படத்த நான் மட்டுமா பாத்தேன்? காப்புக் கட்டினவங்க வந்து கேட்டா நான் என்னான்னு சொல்றது? கழுவின போத்தல்னா சொல்ல முடியும்?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? "இந்தாங்க, நேத்து நானே சாப்பிட்டேன், அது..." என்று கத்தியோடு எழும்பினேன். "அக்கா, நீங்க சும்மா இருங்க," என்றார் புஷ்பா. பிறகு ஒரு போத்தலை எடுத்து வாய்க்காலில் கவிழ்த்தார். ஆறையும் கவிழ்த்தார். மூன்று நாள் காய்ச்சிய சாஸ் கறுப்பாக ஓடியது. தாச்சியையும் கரண்டியையும் தேய்த்துக் கழுவினார். நிரம்பிய அண்டாவைக் காட்டி, "அது கோயிலுக்கு வேணாம், கடைக்குப் போகட்டும்," என்று யோகனிடம் சொன்னார். பிறகு தலைவரைப் பார்த்தார். "சந்தேகம் வந்தத எடுத்துட்டேண்ணே. பூச முடிய இன்னும் நேரம் இருக்கு. திரும்பச் செய்யட்டுமா?"

தலைவர் ஒரு கதிரையை இழுத்துத் தாச்சிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "செய்யி. நான் இங்கயே இருக்கேன்," என்றார். சாம்பார் சாதம் இறக்கிய பெரிய அடுப்பில் இன்னொரு உலை வைக்கவும் அவரே ஆளை அனுப்பினார்.

சுடச்சுட வடித்த சோற்றில் ஃபிரைட் ரைஸ் செய்தால் குழைந்துவிடும். கொழும்பில் அதற்காக முதல்நாள் ராத்திரியே சோற்றைக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். புஷ்பா புதுப் பாய்களின் மேல் வெள்ளை வேட்டிகளை விரித்துச் சோற்றைப் பரப்பினார். அக்கரப்பத்தனைக் காற்று பத்து நிமிடத்தில் அதைக் காயவைத்துவிட்டது. சாஸ் இல்லை, அதனால் உப்பு, மிளகு, நிறைய இஞ்சி, அதைவிட நிறைய லீக்ஸ். என் பத்து விரலும் பச்சையாகிவிட்டது. தேய்த்த தாச்சியில் அவர் சோற்றைத் தூக்கித் தூக்கிப் போட்ட வேகத்தைப் பார்த்து, பந்திக்கு நின்ற பிள்ளைகள் கொட்டகை வாசலிலேயே கூடிவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொழும்பில் சுவருக்குப் பின்னால் நின்று நம் ஆட்கள் செய்கிற வித்தையை, அன்று ஊர் முழுக்க நேரில் பார்த்தது.

பந்தி பத்து நிமிடம் பிந்தித்தான் தொடங்கியது. சாம்பார் சாதத்தைப் பக்கத்தில் வைத்து, எது வேண்டும் என்று கேட்டுத்தான் பரிமாறினார்கள். நான் பரிமாறிய வரிசையில் சாம்பார் கேட்டவர்கள் இரண்டே பேர். இரண்டாம் முறை ஃபிரைட் ரைஸ் கேட்டவர்களை எண்ண எனக்கு நேரம் இருக்கவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு தலைவர் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு மெதுவாகக் கேட்டார், "அந்தச் சாஸ் போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமோ?"

"இருக்கும்ணே. தேர் முடிஞ்சோன்ன கடைக்கு வாங்க," என்றார் புஷ்பா. கடைக்குத் திரும்பிய அண்டாவை ஆட்டோ ஸ்டாண்ட் தம்பிமார் ஏற்கெனவே வழித்துத் துடைத்திருந்தார்கள்.

மிச்சத்தைச் சொல்லிவிட்டால் கீழே இருப்பதை யாரும் படிக்கமாட்டீர்கள் என்பதால், போகிறவர்களுக்கு இப்போதே சில விஷயங்கள். சித்திரையில் போவதென்றால் காப்பு எப்போது என்று ஹட்டனிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கணவாய்ப் பிரியர்கள் வேறு மாதத்தில் போவது நல்லது. மாலை ஐந்துக்குப் பிறகு பார்சலுக்குக் கூட்டம் அதிகம், மூன்று மணிபோல் போனால் உட்கார இடம் கிடைக்கும். திரும்பி வர ஹட்டனுக்கு மாலையில் பஸ் குறைவு, காலைப் பயணமே உத்தமம். காளான் இருக்கும் நாளில் அதை விட்டுவிட்டு வேறு எதையும் கேட்காதீர்கள். "இந்த ஊருக்கு இது பரவாயில்லை" என்று மட்டும் அங்கே நின்று சொல்லிவிடாதீர்கள், நான் இருந்தால் சண்டைக்கு வருவேன்.

அன்று மாலைப் பூசைக்கு முன் நானும் புஷ்பாவும் கொட்டகையில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தோம். மைக் கரகரத்தது. வழக்கமாகப் பெயர் வாசிக்கும் பையனிடமிருந்து தலைவரே மைக்கை வாங்கியிருந்தார்.

"இன்றைய பகல் உபயம், டவுன் புஷ்பா சைனீஸ் கடை."

புஷ்பாவின் கை நின்றது. தலைவர் தொண்டையைச் செருமினார். கீழ் லயம், மேல் லயம், டவுன் எல்லாவற்றுக்கும் கேட்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"சுத்தமான மரக்கறிச் சாப்பாடு. நானே பக்கத்துல இருந்து பாத்தேன்."