ஃபார்மேட் கேட்ட கார்டும் கோவிலம்பாக்கத்து லேப்டாப்பும்

போன சனிக்கிழமை லேப்டாப் வாங்கக் கிளம்பினேன். சேலையூரில் தொடங்கி, தாம்பரம், குரோம்பேட்டை, கோவிலம்பாக்கம் வழியாக அஸ்தினாபுரம் வரை சுமார் இருபத்து மூன்று கிலோமீட்டர். இதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று கேட்காதீர்கள். மலைப்பாதையில் வண்டி சறுக்கியபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

சுற்றுலா போகும் குடும்பங்களோடு கூடவே போய்ப் படம் எடுப்பது என் பிழைப்பு. அன்றன்று எடுத்ததை அன்றன்றே திருத்தி அனுப்ப வேண்டும். இந்தப் புதன்கிழமை பதினோரு பேரோடு பத்து நாள் ஹம்பி பக்கம் போகிறேன். பழைய லேப்டாப்போ அந்தச் சனிக்கிழமைக்கு ஆறு நாள் முன்பு ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் ரயிலில் உயிரை விட்டது. செங்கல்பட்டு தாண்டியதும், தாம்பரம் வருவதற்குள் கேமராவின் மெமரி கார்டைக் காலி செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பேட்டரி முப்பத்தெட்டு சதவீதம் காட்டியது. பாதியில் திரை கறுத்தது. அதன்பிறகு எழவே இல்லை.

அதைவிட வெட்கக்கேடு ஒன்று இருக்கிறது. நான் படங்களைக் காப்பி செய்யவில்லை, கட் செய்து ஒட்டிக்கொண்டிருந்தேன். நேரம் மிச்சமாகும் என்ற பேராசை. கட் செய்தால் லேப்டாப்புக்குப் போகப் போகக் கார்டில் அழியும். நடுவில் நின்றால் இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் போகலாம்.

அந்தக் கார்டில் அஸ்தினாபுரம் புவனா மேடத்தின் குடும்பம் இருந்தது. பள்ளி ஆசிரியை. அவருடைய இரண்டு அண்ணன்களும் ஒருவரோடு ஒருவர் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. ராமேஸ்வரம் கடற்கரையில் அவர்களுடைய அம்மா திடீரென்று இருவரையும் இழுத்து நிறுத்தி, இரண்டு பேர் கையையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கேமரா பொத்தானை மூன்று முறை அழுத்தினேன். அதற்குள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். மேடம் தினமும் கூப்பிட்டுக் கேட்டது அந்த ஒரு படத்தை மட்டும்தான். நானும் தினமும் "எடிட்டிங் நடக்குது மேடம்" என்று புளுகினேன். கார்டைத் திறந்து பார்க்கும் தைரியம் ஆறு நாளாக வரவில்லை.

காலை 9.40க்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். சட்டைப்பையில் அந்தக் கார்டு. பேன்ட் பையில் சோதித்துப் பார்க்க வேறொரு கார்டு. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே கறுப்பு. தோள்பையில் சரியான நிறத்தில் அச்சான ஒரு புகைப்படம். திரையில் அதே படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திரையின் யோக்கியதை தெரிந்துவிடும். கடையில் ஓடும் விளம்பர வீடியோவை நம்பாதீர்கள். எந்தத் திரையும் அதில் அழகாகத்தான் இருக்கும்.

மேற்குத் தாம்பரம் கடையில் விற்பனையாளர் ஒரு கேமிங் லேப்டாப்பைத் தூக்கி வைத்தார். "போட்டோ எடிட்டிங்லாம் இதுல பறக்கும் சார்." வேகம் உண்மைதான். ஆனால் எடை இரண்டரை கிலோ, சார்ஜர் தனியாக முக்கால் கிலோ. கேமரா, லென்ஸ், முக்காலியோடு இதையும் சுமந்தால் பறப்பது எங்கே, நடப்பதே சந்தேகம். அச்சுப்படத்தில் சிவப்பாக இருந்த பட்டுப்புடவை அதன் திரையில் வெளிறிப்போய்க் கிடந்தது. நன்றி சொல்லிவிட்டு 11.20 மின்சார ரயிலைப் பிடித்தேன். குரோம்பேட்டைக்கு ஐந்து ரூபாய்.

ஜி.எஸ்.டி. சாலைக் கடையில் பார்த்தது மனதைக் கொள்ளையடித்தது. ஒரு கிலோ இருநூறு கிராம், திரையில் நிறம் அச்சு அசல். எழுபத்திரண்டாயிரம். ஆனால் நினைவகம் எட்டு ஜிபி, பிறகு கூட்டவும் முடியாது. கார்டு போட இடமும் இல்லை, கடைக்காரரின் கார்டு ரீடரை வாங்கிச் செருகினேன். பெரிய படங்களைத் திறந்ததும் திணறியது. அந்த நேரம் பார்த்து புவனா மேடம் போன். "சார், அம்மா கேட்டுட்டே இருக்காங்க. இன்னைக்காவது கிடைக்குமா?" "சாயங்காலம் மேடம்" என்று சொல்லிவிட்டேன். பதற்றத்தில் கையிலிருந்த சோதனைக் கார்டைச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டது எனக்குத் தெரியவில்லை.

கடைசி நம்பிக்கை, அலுவலகங்களில் கழித்த லேப்டாப்புகளை வாங்கிச் சரிசெய்து விற்கும் கோவிலம்பாக்கம் ஸ்டெல்லா அக்கா. நண்பர் சொன்ன முகவரி. ஆட்டோக்காரர் முன்னூறு கேட்டு, இருநூற்று அறுபதுக்கு இறங்கினார். வழியில் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார், நெஞ்சு வலியா? கைய அங்கேர்ந்து எடுக்கவே மாட்டேன்ற."

"இல்லண்ணா. பையில ஒரு பொருள் இருக்கு."

"வைரம் கணக்கா புடிச்சிகினு வர்றியே சார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1.25க்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டின் முன்னறைதான் கடை. அக்கா பதினான்கு அங்குல லேப்டாப் ஒன்றை வைத்தார். ஒன்றரை கிலோ, பதினாறு ஜிபி நினைவகம், ஓரத்தில் கார்டு போடும் துளை. பவர் பேங்கிலிருந்தும் சார்ஜ் ஏறும். பளபளப்பில்லாத திரை என்பதால் ஜன்னல் வெளிச்சம் அதில் முகம் பார்க்கவில்லை. முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. பேன்ட் பை காலி. இதிலேதான் போட்டிருப்பேன் என்று சட்டைப்பையில் கைவிட்டு, அகப்பட்ட கார்டைச் செருகினேன்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. இந்தக் கார்டைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்றது. முழுக்க அழிக்கட்டுமா என்று கேட்கிறது என்று அர்த்தம். ஒப்புக்கொள்ளும் பொத்தான் ஏற்கெனவே நீலமாகத் தயாராக நின்றது. அக்கா பெட்டியைக் கவனிக்கவில்லை. விசைப்பலகையின் அருமையை விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்டர் கீ எவ்ளோ சாஃப்டா கீது பாரு சார்" என்று விரலைக் கொண்டுபோனார்.

"அக்கா, வேணாம்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் விரல் அந்தரத்தில் நின்றது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கார்ட மாத்திப் போட்டுட்டியா? உள்ள இன்னா கீது?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கார்டை எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் குட்டிப் பூட்டைத் தள்ளி எழுத முடியாதபடி ஆக்கினார். பிறகு அதே லேப்டாப்பில், கார்டை அப்படியே பிரதி எடுத்து அதிலிருந்து படங்களைத் தேடும் வேலையைத் தொடங்கினார். "மேல எதையும் எழுதாத வரிக்கும் சான்ஸ் கீது. சும்மா குந்து."

2.20க்குக் கரண்ட் போனது. மின்விசிறி நிற்க, எனக்கு ரயிலில் கறுத்த திரை நினைவுக்கு வந்தது. நூறு, தொண்ணூற்று நாலு, எண்பத்தேழு என்று பேட்டரி சதவீதத்தின் ஒவ்வொரு எண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். 3.45க்கு வேலை முடிந்தபோது அறுபத்தொன்று இருந்தது. லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தது நானல்ல, அந்த மின்வெட்டு.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெரும்பாலானவை முழுசாக. கடற்கரையில் எடுத்த அந்த மூன்றில் இரண்டு வரவே இல்லை. மூன்றாவதில் மூன்று முகங்களும் இருந்தன. தோளுக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. கைகள் இல்லை.

படங்களைப் பார்த்து முடித்து, லேப்டாப்புக்குப் பணம் கொடுத்துக் கிளம்ப ஐந்து மணி ஆனது. அஸ்தினாபுரம் போக ஆட்டோவுக்கு நூற்று எண்பது. புதிய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோ பழுதாகி நின்றால்கூடப் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன். 5.40க்கு வாசலில் இறக்கிவிட்டது. மேடத்திடம் நடந்ததைச் சொல்லி, லேப்டாப்பைத் திறந்து காட்டினேன்.

"ஒரு வாரமா எடிட்டிங் நடக்குதுன்னு சொன்னீங்களே சார்?"

"பொய் சொன்னேன் மேடம். என் தப்புதான்."

புவனா மேடம் திரையில் அந்தச் சாம்பல் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். "கை போயிடுச்சா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு, "இதை இப்படியே எனக்கு அனுப்புங்க, எதையும் சரி பண்ணாதீங்க" என்றார். "அண்ணனுங்க ரெண்டு பேருக்கும் போடறேன். பாதி அழிஞ்சுடுச்சு, அம்மாவுக்காக இன்னொரு தடவை வந்து நில்லுங்கன்னு கேக்கறேன். இவ்ளோ நாளா அவங்களைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கு கிடைக்கல சார்."

லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு என் வார்த்தை இதுதான். எடையைச் சார்ஜரோடு சேர்த்துக் கேளுங்கள். அச்சான படத்தோடு போங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். கார்டுகளில் பெயர் எழுதி ஒட்டுங்கள். கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். முக்கியமாக, கெட்ட செய்தியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெரியண்ணன் அன்றே சரி என்றுவிட்டாராம். சின்னண்ணனிடமிருந்து மூன்று நாளாகப் பதில் இல்லை. நாளைக் காலை ஹம்பிக்கு ரயில், பை தயார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் மேடம் ஒரு செய்தியை அனுப்பினார். சின்னண்ணன் கேட்டிருக்கிறார்: "எத்தனை மணிக்கு வரணும்? அண்ணன் வந்துடுவாரா?"

என் கேமராவில் இரண்டு கார்டு போட இடம் உண்டு, எடுக்கும் ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும். இத்தனை வருடமும் ஒன்றைக் காலியாகவே வைத்திருந்தேன். இப்போதுதான் இரண்டாவதையும் போட்டு மூடினேன். திரும்பி வந்ததும் அஸ்தினாபுரத்தில் அம்மா, இரண்டு அண்ணன்கள் முன்னால் நிற்க வேண்டும், இந்தத் தடவை மூன்று படத்தோடு நிறுத்த மாட்டேன்.