நாலாயிரம் ஹெர்ட்ஸ்

இன்று மாரிகுப்பத்தில் காது மிஷின் முகாம். அப்பாவிடம் பெயர் கேட்ட ஊழியர், "கரெக்டா சொல்றாரே. காது நல்லாத்தான் கீது, போங்க," என்றார்.

சுரங்கத்தில் பாறை துளைத்த அப்பாவுக்குப் பக்கத்துப் பேச்சு கேட்கும். கீச்சொலிதான் கேட்காது.

வீட்டின் முதல் பட்டதாரி நான். ஆனால் கவுன்டரில் எனக்குப் பேச வாய் வராது.

ஒலி எழுப்பும் இணையதளத்தை ஃபோனில் திறந்தேன். நாலாயிரம் ஹெர்ட்ஸ் கீச்சொலி, முழுச் சத்தம்.

வரிசையே காதைப் பொத்தியது.

"இன்னா, எல்லாரும் காதப் பொத்திக்கினீங்க?" என்றார் அப்பா.

"நிறுத்தும்மா, டெஸ்ட்டுக்கு எழுதித் தரேன்," என்றார் ஊழியர்.

சீட்டு கைக்கு வந்த பிறகுதான் நிறுத்தினேன்.

அடுத்து ரேஷன் அட்டை அலுவலகம். அங்கே எத்தனை ஹெர்ட்ஸ் வைக்கலாம், சொல்லுங்கள்.