கணினி அறையின் சுடுகாற்றில் வாடிய கொழுந்து

போன சனிக்கிழமை கீழ் கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குத் தனியாகப் போய்வந்தேன். ஏரிக்கும் பூங்காவுக்கும் அல்ல. அங்கே ஓர் அரசு அலுவலகத்தில், மலைக்காற்றை வைத்தே கணினிகளைக் குளிரவைக்கும் சோதனை அறை ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. போய்வந்தவர்கள் யாராவது தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். அம்மா தூங்கிய பிறகு அவளுடைய போனில், போர்வைக்குள் இருந்து தட்டுவதால் பிழைகள் இருக்கும். என் பெயரும் பள்ளியும் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு என்பது மட்டும் போதும்.

ஏன் போனேன் என்றால், அப்பாவுக்காக. அவர் எங்கள் பக்கத்து டீ ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். பறித்து வந்த கொழுந்தை நீளமான கம்பிவலைத் தொட்டிகளில் பரப்பி, ஒரு முனையிலுள்ள பெரிய விசிறியால் அடியிலிருந்து காற்றை ஏற்றுவார்கள். மணிக்கணக்கில் காற்று வாங்கிக் கொழுந்து துவண்ட பிறகுதான் அரைக்கப் போகும். அந்த விசிறிகள் அப்பாவின் பொறுப்பு. பச்சை இலை விலை விழுந்துகொண்டே போனது. பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று சிறு தோட்டக்காரர்கள் செடியை அப்படியே விட்டார்கள். இலை வராமல் ஃபேக்டரியை மூடினார்கள். அம்மா இப்போது ஜீப்பில் அரவேணுப் பக்கம் தினக்கூலிக்குப் பறிக்கப் போகிறாள். அப்பா சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறார். நம்முடைய படங்களும் வங்கிக் கணக்குகளும் சேர்த்துவைத்திருக்கும் கணினிகள் அடுக்கடுக்காக நிற்கும் கட்டடம் அது. அவை சூடாகாமல் பார்க்கும் குளிர்க்காற்று இயந்திரங்களுக்கு அப்பா உதவியாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார்.

எங்கள் பள்ளிப் பலகையில் இந்தச் சோதனை அறையைப் பற்றி ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். டேட்டா சென்டர்கள் தின்னும் மின்சாரத்தைக் குறைக்க அரசு செய்யும் முயற்சி என்று மேலே இருந்தது. கடைசி வரியில், மூடிக் கிடக்கும் தேயிலை ஃபேக்டரிக் கட்டடங்களிலும் இதைச் செய்யலாமா என்று ஆராயப்படுவதாக இருந்தது. அந்த வரியை இரண்டு நாள் போய்ப் போய்ப் படித்தேன். மூன்றாம் நாள் அம்மாவிடம் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு என்று சொன்னேன்.

காலை ஏழேகாலுக்கு கோத்தகிரி பஸ். நிறுத்தத்தில் நிற்கும்போது கை சும்மா இருக்காது. ரோட்டோரத் தேயிலைச் செடியில் கொழுந்து கிள்ளிக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே கிள்ளிவிட்டேன். பஸ் ஒரு வளைவில் அப்பாவின் ஃபேக்டரியைத் தாண்டும். எப்போதும் இடது பக்க ஜன்னலில் உட்காருவேன், அன்றும் உட்கார்ந்தேன். மாடியின் நீண்ட ஜன்னல் வரிசையில் கண்ணாடிகள் பாதி இல்லை. முன்பெல்லாம் அந்த வளைவில் பஸ்ஸுக்குள்ளேயே வாசனை வரும். நறுக்கிய ஆப்பிளும் ஈரப் புல்லும் கலந்த மாதிரி. அன்று டீசல் வாசனை மட்டும்தான்.

கோத்தகிரியில் இறங்கி ஊட்டி பஸ். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆனால் கேட்டு ஏறுங்கள். கட்டபெட்டு தாண்டியதும் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏன் அம்மிணி, சனிக்கெழம யூனிபாரம் போட்டுட்டு ஊட்டிக்கா? எந்தப் பள்ளிக்கோடம் உங்குளுக்கு ஏரியில பாடம் நடத்துது?”

“இல்லீங்கண்ணா, கம்ப்யூட்டர் ரூம் பாக்கப் போறேனுங்க.”

“ஊட்டிக்குப் போயி கம்ப்யூட்டர் பாக்கற மொத ஆளு நீதான். நம்மூரு குளுருக்கு நானே ஹேங் ஆயிருவேன், அது எப்புடி ஓடுமோ!” என்று முன்னால் போனார். ஓட்டுநர் வரை சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு வியர்த்தது. யாராவது அம்மாவைத் தெரிந்தவர்கள் பஸ்ஸில் இருந்தால் முடிந்தது கதை. தொட்டபெட்டா ஜங்ஷன் வரை தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன். அதனால் அந்த வழியின் காட்சிகளைப் பற்றி என்னால் எழுத முடியாது, மன்னியுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, ஒரு பன். இரண்டுக்கும் முப்பது ரூபாய், விலை போர்டில் இருக்கிறது. அங்கிருந்து மேட்டில் இருபது நிமிட நடை. வாசலில் பெயர் எழுதி உள்ளே விட்டார்கள். என்னோடு கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பமும் இருந்தது. அந்த வீட்டு அம்மா உள்ளே நுழைந்ததும், “ஏனுங்க, சாக்லெட் எங்கீங்க செய்யறாங்க?” என்று கேட்டார். சுற்றிக் காட்டிய பொறியாளர் மேடம் சிரித்துவிட்டு, “இங்க காத்து மட்டுந்தானுங்க. வந்தது வந்துட்டீங்க, அதையும் பாத்துட்டுப் போங்க” என்றார். அந்தக் குடும்பம் கடைசி வரை இருந்து பார்த்தது.

மேடம் சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன். கணினி ஓட ஒரு தட்டுச் சாப்பாடு என்றால், அதன் சூட்டை ஆற்றுவதற்கு ஏசி கிட்டத்தட்ட இன்னொரு தட்டுச் சாப்பிடும். அந்த இரண்டாம் தட்டைச் சின்னதாக்குவதுதான் வேலை. அரசு தன்னுடைய கணினி அறைகளில் முதலில் அளக்கச் சொல்கிறது, எவ்வளவு மின்சாரம் கணினிக்குப் போகிறது, எவ்வளவு ஏசிக்கு என்று. பிறகு யாருமே பயன்படுத்தாமல் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளைத் தேடி அணைக்கிறார்கள். தேவைக்கு மேல் குளிர வைப்பதை நிறுத்துகிறார்கள். “கம்ப்யூட்டருக்கு ஸ்வெட்டர் போட்டு விடற அளவுக்குக் குளுரு வெப்பாங்க. அதுக்கு அவ்வளவு வேண்டீதில்லீங்க” என்றார் மேடம்.

கணினிகள் எதிரெதிர் வரிசையாக அலமாரிகளில் நின்றன. ஒரு பக்கம் குளிர்ந்த காற்று நுழைகிறது, மறுபக்கம் சுடுகாற்று வெளியேறுகிறது. இரண்டும் கலக்கக் கூடாது என்று நடுவில் தடித்த பிளாஸ்டிக் திரை. அலமாரியில் கணினி இல்லாத காலி இடங்களைத் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். ஓட்டை இருந்தால் காற்று அதன் வழியாக ஓடிவிடும், கணினி பட்டினி கிடக்கும் என்றார் மேடம். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது மாடியில் அவர் கத்திக்கொண்டிருப்பார். “ஓட்ட விடாம பரப்புங்கப்பா! காத்து பூரா ஓட்டைலயே போகுது, எல பச்சையாவே கெடக்குது!” அதே காற்று, அதே ஓட்டை. விசிறியின் உறுமல்கூட அதேதான். வாசனை மட்டும் இல்லை.

கட்டடத்தின் பின்பக்கம் போனால் சுடுகாற்று வெளியே வரும் பெரிய தகடு ஜன்னல். போகிறவர்கள் இதைத் தவற விடாதீர்கள். அதற்குக் கீழே இரண்டு நாய்கள் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தன. காவலர் தன் குரங்குக் குல்லாவையும் சாக்ஸையும் கயிறு கட்டி அங்கே காயப்போட்டிருந்தார். மேடம் பார்க்காத மாதிரி இருந்தார். நான் கையை நீட்டினேன். வெதுவெதுப்பாக, காய்ந்த காற்று. பனிமூட்ட நாட்களில் வெறும் காற்றில் கொழுந்து வாடாது. அப்போது தேயிலை உலர்த்தும் அடுப்புப் பக்கத்திலிருந்து இப்படித்தான் சூடான காற்றை மாடிக்கு எடுப்பார்கள். கண்ணை மூடினால் அப்பா பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. மாடிக்கு ஏறியதும் அவர் கேட்கும் முதல் கேள்வியே நினைவுக்கு வந்தது, எல என்னாச்சு என்று. பையில் கொழுந்து இருந்தது. ஜன்னல் தகடுகளுக்கு நடுவில் அதைக் கொத்தாகச் செருகிவிட்டு, மற்றவர்களோடு உள்ளே போனேன்.

எல்லோரும் கேள்வி கேட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு மேடத்திடம் போனேன்.

“மேடம், கோத்தகிரிப் பக்கம் மூடுன ஃபேக்டரில இத வெப்பாங்களா?”

“அப்படி ஒரு யோசனை இருக்குது கண்ணு. ரெண்டு மூணு கட்டடம் போய்ப் பாத்துட்டு வந்திருக்கோம். கரண்டு லைன் இருக்குது, காத்து வர ஜன்னல் இருக்குது. ஏன் கேக்கறே?”

“அப்ப ஆளு எடுப்பீங்களா?”

“எடுக்கணும். ரொம்பப் பேரு வேண்டாம், நாலஞ்சு பேரு.” என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “யாருக்கு?”

“எங்கப்பாவுக்கு. ஃபேன் எல்லாம் அவருக்குத் தெரியும்.” அந்த ஃபேக்டரியில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். நான் கேட்டது ஒரே ஒருவருக்குத்தான்.

மேடம் பதில் சொல்வதற்குள் வெளியே வெளிச்சம் மங்கியது. பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்துவிட்டது. சுவரில் ஏதோ படபடவென்று அடித்தது. மலைக்காற்றை உள்ளே விடும் ஜன்னல் தகடுகள் தாமாகவே மூடிக்கொண்டன. மூலையில் ஏசி முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. “இதுதான் கண்ணு எங்களுக்கு வில்லன்” என்றார் மேடம். “உங்கூரு காத்து குளுந்ததுதான். ஆனா ஈரம். ஈரம் உள்ள போனா மெஷின் கெட்டுப் போகும். மழைக்காலம் முழுக்க ஏசியே ஓடுச்சுன்னா இத்தனையும் வீண். ஒரு மழைக்காலம் தாண்டட்டும், அப்பறந்தான் ஃபேக்டரியப் பத்தி மேலிடத்துக்கு எழுதுவோம். அதுவரைக்கும் யாருக்கும் ஆசை காட்டக் கூடாது நானு.”

நான் பின்பக்கம் ஓடினேன். சுடுகாற்று நின்றிருந்தது. நாய்கள் எழுந்து சோம்பல் முறித்தன. கொழுந்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்து, கையை விரித்தேன். பச்சைக் கொழுந்து என்றால் உடனே விரிந்துகொள்ளும். வாடியது உருண்டையாகவே இருக்கும். இது உருண்டையாக இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஆப்பிள்.

திரும்பும்போது கோத்தகிரியில் பஸ் தாமதம். வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை, அம்மா எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். சிறப்பு வகுப்பு நீண்டுவிட்டது என்றேன். “சட்டையக் கழட்டு, ஊறப் போடணும்” என்றாள். வழக்கம்போலப் பையைத் துழாவினாள். கை நின்றது. உருண்டையை வெளியே எடுத்தாள். முகர்ந்தாள். இறுக்கிப் பிடித்து, விரித்துப் பார்த்தாள்.

“ஃபேக்டரிய தொறந்துட்டாங்களாடி?”

அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அம்மா அடிக்கவில்லை. உருண்டையை மறுபடி முகர்ந்துவிட்டுச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள்.

“அப்பாகிட்ட மூச்சு விடாத.”

“ஏம்மா?”

“சொன்னா அந்த மனுசன் அடுத்த பஸ்ஸுலயே ஏறிருவாரு. வந்து இங்க ஒன்னும் இல்லன்னு ஆயிருச்சுன்னா, திரும்பிப் போக அங்கயும் வேல இருக்காது. மழ முடியட்டும்.”

அப்பா அடுத்த பஸ்ஸில் ஏறி வர வேண்டும் என்பதுதான் எனக்கும் ஆசை. அதுதான் பயமாக இருக்கிறது. மறுநாள் போன் வந்தது. “இங்க ரூமுக்குள்ள அப்பிடியே நம்மூரு குளுரு பாப்பா. மிஸ்ட்டுதான் இல்ல. குல்லா போட்டுக்கிட்டு நிக்கிறேன், எல்லாப் பயலும் சிரிக்கிறான்” என்றார். பிறகு எப்போதும் கேட்பதைக் கேட்டார். “அங்க எப்பிடி, மிஸ்ட்டா வெயிலா?” அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வெயில்ப்பா, காத்து நல்லாருக்கு” என்றேன். “காத்து நல்லாருக்கா” என்று அவர் திருப்பிச் சொன்னார். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும் என்று தெரியவில்லை. அதனால்தான் முன்பின் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், மூட்டம் ஏறினால் பாதிதான் பார்க்க முடியும். ஸ்வெட்டர் வேண்டும், குளிர்ந்த பக்கத்தில் நிஜமாகவே குளிரும். உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள், பின்பக்கம் எடுக்கலாம். கோத்தகிரி வழியாக வருகிறவர்கள் ஊட்டியிலிருந்து மூன்று மணிக்குள் கிளம்பினால் மாலைக் கூட்டத்தில் சிக்க மாட்டீர்கள். சாக்லெட் கிடையாது.

இன்னும் ஒன்று. மழைக்காலத்தில் எனக்கு இன்னொரு சிறப்பு வகுப்பு கிடைக்காது. ஆடியிலோ ஐப்பசியிலோ யாராவது அந்தப் பக்கம் போனால், கட்டடத்தின் பின்னால் போய் அந்தத் தகடு ஜன்னலில் கையை நீட்டிப் பாருங்கள். நாய்கள் ஒன்றும் செய்யாது. காற்று வருகிறதா, சூடாக இருக்கிறதா என்று இங்கே கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போங்கள். அம்மா தூங்கிய பிறகு தினமும் வந்து பார்ப்பேன்.