கோட்டைமேட்டில் ஒன்பதரை அடி

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைதான் எழுதியிருக்கிறேன். பதினோரு பக்கம், கூடவே ஒரு வரைபடம். அவ்வளவு சுத்தமாகத் தப்பான கட்டுரையை அதற்கு முன்னும் பின்னும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்வேன்.

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீடு மேடவாக்கத்தில். எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போடும் பொறுப்பை எல்லோரும் ஒருமனதாக என் தலையில் கட்டியிருந்தார்கள். வாத்தியாருக்குக் குரல் பெரிது என்பது அவர்கள் சொன்ன காரணம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இந்தத் தண்ணீர்ப் பஞ்சாயத்திலிருந்து தப்பித்து ஓட எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. கோட்டை கிடைத்தது.

கோட்டை என்றதும் மதிலும் கொத்தளமும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஒரு சின்னக் குப்பத்துக்குள் நுழைந்தால், கரை ஓரிடத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டியிருக்கும். அந்த மூக்கின் மேல் இரண்டு வரிசை மண்கரை, நடுவில் தூர்ந்துபோன அகழி. யார் கட்டியது, எப்போது கட்டியது என்று யாருக்கும் தெரியாது. பானை ஓடுகள் காலில் குத்தும். குப்பத்தில் அதைக் கோட்டைமேடு என்பார்கள். வெளிக்கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது.

என் கூட்டாளி பள்ளித் தோழன். மேற்குத் தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். முப்பது மீட்டர் டேப் அவன் கடையிலிருந்து வந்தது, பிரியாணி அவன் வீட்டிலிருந்து வந்தது, அறிவு என்னிடமிருந்து வந்தது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாளே எங்களைப் பிடித்துக்கொண்டவர் ஓர் அக்கா. கருவாடு காய வைத்து விற்பவர். மேட்டின் ஊர்ப்பக்க அடிவாரத்தில் அவருடைய ஓலை வீடு. மேடு இருக்கும்வரைதான் அந்த வீடு. சுனாமி வந்தபோதே மேடுதான் குறுக்கே நின்று அதைக் காப்பாற்றியிருக்கிறது. கரையோரத்தில் இருப்பவர்களுக்கு மெயின் ரோட்டுப் பக்கம் அரசாங்கம் மனை தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அது.

"இன்னா சார் அளக்கறீங்க?" என்றார்.

"கடல் எவ்வளவு வேகமா மேட்டைக் கரைக்குதுன்னு பாக்கறோம் அக்கா."

"அப்ப சரியாப் பாத்துச் சொல்லுங்க. மேடு நிக்கும்னா இங்கயே கல்லு வெச்சு ஒரு ரூம்பு கட்டிக்கறேன். நிக்காதுன்னா ரோட்டாண்ட குடுக்கற எடத்துக்குப் பேரக் குடுத்துட்டுப் பூட்றேன். ரெண்டுல ஒண்ணு நீங்கதான் சொல்லணும்."

இதைக் கேட்டதும் எனக்கு ஓரடி உயரம் கூடிவிட்டது. பத்தாம் வகுப்புப் பையன்கள் யாரும் என்னிடம் இவ்வளவு அக்கறையாக விடை கேட்டதில்லை.

அளப்பதற்கு அசையாத ஒரு புள்ளி வேண்டும். மேட்டின் மேல் சவுக்குக் கட்டையில் செதுக்கிய முளை ஒன்று மண்ணில் ஆழமாக இறங்கியிருந்தது. என் கூட்டாளி அதை உதைத்துப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான்.

"நம்மளுக்குன்னே யாரோ அடிச்சு வெச்ச மாரி கீது மச்சான்."

ஆமோதித்தேன். முளையிலிருந்து வெளிக்கரையின் விளிம்புவரை டேப்பை இழுத்தோம். ஒன்பதரை அடி. நோட்டில் குறித்து, கீழே இரண்டு கோடு போட்டேன்.

அடுத்த மாதம் ஒன்பதரை அடி. அதற்கடுத்த மாதம் ஒன்பது அடி ஏழு அங்குலம். பிறகு மறுபடியும் ஒன்பதரை. ஒன்றிரண்டு அங்குலம் முன்னே பின்னே வரும்போதெல்லாம், டேப்பைத் தொய்வாகப் பிடிக்கிறாய் என்று கூட்டாளியைத் திட்டுவேன். சராசரி எடுத்தேன். வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். மட்டம் வைத்த மாதிரி ஒரு நேர்கோடு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆனந்தம்.

அவனுக்குத்தான் சந்தேகம். ஒருநாள் பிரியாணிப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டின் மேல் அலைந்தான்.

"போன தபா பேப்பர் விரிச்சு குந்திக்கினு துன்னோமே மச்சான், அந்த எடம் எங்க?"

"நீ நின்னுட்டிருக்கறதுதான் அது."

"இல்லடா. அங்க ஒரு தாழம்புதர் இருந்துச்சு."

"நீ ஆணியும் பெயின்ட்டும் விக்கறவன். நோட்டுல என்ன இருக்கோ அதை நம்பு."

பாவம், நம்பினான். என்னை நம்பியவர்கள் பட்டியலில் அவன் இரண்டாவது ஆள்.

ஒன்றரை வருடம் இப்படி அளந்தோம். சேலையூரில் மாதம் ஒருமுறை கூடும் வரலாற்று ஆர்வலர்கள் முன்னால் கட்டுரையை வாசித்தேன். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கடல் அரிப்பு என்பது வெறும் பீதி, பண்டைத் தமிழனின் மண் கட்டுமானம் அசையவில்லை என்று முடித்தேன். கைதட்டினார்கள், வடை கொடுத்தார்கள். ஒரு பிரதியை மனைப் பட்டியல் தயாரிக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினேன். இன்னொரு பிரதியை அக்காவின் கையிலேயே கொடுத்து, "தைரியமா இருங்க, மேடு எங்கயும் போகாது" என்றேன். அவர் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தார். பட்டியல் எழுத வந்தவர்களிடம் மனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுப் பக்கத்தில் செங்கல் வந்து இறங்கியது.

அதற்கடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏதோ தேர்வு மேற்பார்வை வேலை விழுந்தது. அதனால் சனிக்கிழமை சாயங்காலமே போனோம். அதுவரை நாங்கள் போனதெல்லாம் காலை பத்து மணிக்கு மேல்தான். மேட்டில் ஏறினால், எங்கள் முளையில் ஓர் ஆடு கட்டியிருந்தது. கருப்பு வெள்ளாடு, என்னைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது.

அது பரவாயில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா மேலே ஏறி வந்தார். ஆட்டை அவிழ்த்தார். முளையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பிடுங்கினார். ஒரு சாண் உள்ளே தள்ளி நட்டு, ஒரு கருங்கல்லால் மண்டையில் நாலு போட்டு இறக்கினார். ஆட்டைத் திரும்பக் கட்டினார்.

"என்ன அக்கா பண்றீங்க?" என்றேன்.

"கரை சரிஞ்சுகினே வருதுல்ல சார். கயிறு எட்டற தூரத்துல ஓரம் வந்துச்சுன்னா ஆடு கீழ வுந்துடும். அதான் மாசத்துக்கு ரெண்டு தபா புடுங்கி உள்ள அடிக்கிறேன். காலைல அது தோப்புக்கு மேயப் பூடும், நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

கயிறு எட்டடி. ஆட்டின் கழுத்தும் தலையும் ஒரு அடி. அக்காவின் ஜாக்கிரதை அரையடி. ஆக மொத்தம் ஒன்பதரை. ஒன்றரை வருடமாக நாங்கள் கடலை அளக்கவில்லை, ஆட்டுக்கயிற்றை அளந்துகொண்டிருந்தோம். அதற்குத்தான் சராசரி, அதற்குத்தான் வரைபடம், அதற்குத்தான் பண்டைத் தமிழனின் பெருமை.

கூட்டாளி சிரித்தான். நின்று சிரித்து, உட்கார்ந்து சிரித்து, கடைசியில் மண்ணில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நானும் சிரிக்க ஆரம்பித்தேன். பாதிச் சிரிப்பில் கீழே அந்தச் செங்கல் அடுக்கு கண்ணில் பட்டது. அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கணக்கையும் அவ்வளவு மெதுவாக நான் விளக்கியதில்லை. அவர் கேட்டுக்கொண்டே ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி சார்" என்று மட்டும் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவரை அந்த அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். பட்டியல் இன்னும் மேலே போகவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். அதிகாரி என் கட்டுரையைக் கோப்பிலிருந்து எடுத்தார்.

"மேடு அப்படியே இருக்குன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?"

"அது தப்பு சார்."

"எது தப்பு?"

"பதினோரு பக்கமும்."

காரணத்தைச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்கடுத்த மேசையில் அந்த மரியாதையும் இல்லை. ஆடு என்ற சொல் அந்த அறை முழுக்கச் சுற்றி வந்தது. நான் நின்றுகொண்டே, என் அளவுகள் எல்லாம் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரியும் சிரித்தார், ஆனால் நல்ல மனிதர். பட்டியலின் கடைசியில் அக்காவின் பெயரை எழுதினார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, இவருக்குத்தான் தெரியல. மாசம் ரெண்டு தடவ முளையப் புடுங்கி அடிச்சது நீ. கரை உள்ள வர்றது உனக்குத் தெரியாதா? ஏன் மனை வேணாம்னு சொன்ன?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்த என் கட்டுரையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"தெரிஞ்சுது சார். உள்ள வர்ற மாரிதான் தெரிஞ்சுது. ஆனா படிச்சவங்க, டேப்பு வெச்சு அளந்து, ஒண்ணும் ஆவலன்னு எழுதிக் குடுத்தாங்க. சரி, என் கண்ணுதான் அவிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கினேன்."

அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது அக்கா என்று அங்கேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியிருக்க வேண்டும். லாரிக்காரரை அதட்டும் அந்தப் பெரிய குரல் எனக்கு அப்போது வரவில்லை.