மூன்று முறை காய்ச்சிய தண்ணீர்

சென்ற மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு என் பேரனின் உதடு நீலமானது. பிறந்து ஐம்பத்திரண்டு நாள். பால் குடித்து ஏப்பம் விட்டவன் என் தோளிலேயே துவண்டான். நகங்களும் நீலம். அழக்கூட இல்லை.

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை என் மகன் எப்படி வண்டி ஓட்டினான் என்று தெரியாது. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். நீலம் மாறவில்லை. "ஹார்ட்ல பிரச்சினை இருக்கலாம். சென்னைக்குக் கொண்டு போங்க. வழியில எது ஆனாலும் நாங்க பொறுப்பில்ல" என்றார் டாக்டர். மருமகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பால் சுரக்கவில்லை என்று டின் பால் கலந்து கொடுத்தது நான்தான். கிருமி இருக்கக் கூடாதென்று எங்கள் கிணற்றுத் தண்ணீரை மூன்று முறை கொதிக்க வைப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்ட பிள்ளை.

கூட வந்த என் நாத்தனார் அந்த நேரத்திலும் விடவில்லை. "இன்னா அண்ணி, உங்க வூட்லயே ஒரு டாக்டர் கீறாங்களே, கூப்புடுங்க. ஓ, அவங்க ஊசி போடாத டாக்டரு இல்ல?"

அவள் சொன்னது என் மகள் மேகலாவை. பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி. முடித்தவள். கல்லூரி வேலை கிடைத்தும் போகவில்லை. கல்வராயன் மலையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஊர் ஊராய்த் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறாள். நாத்தனாரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தீபாவளிக்கு வந்தவளிடம், "அஞ்சு வருஷம் படிச்சிட்டு சீசால தண்ணி புடிச்சிக்கினு திரியற. உன்னால இந்த வூட்டுக்கு இன்னா பிரயோஜனம்?" என்று கேட்டவள் நான். இலையிலிருந்து எழுந்து போனாள். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை.

வராந்தாச் சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன். அர்த்தநாரீஸ்வரா, பிள்ளையைக் கொடு. உனக்குத் தேன் அபிஷேகம் செய்கிறேன். வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள்.

கண்ணைத் திறக்கும் முன் போன் அடித்தது. மேகலா. அவள் இருக்கும் ஊரில் சிக்னலே கிடையாது. எதற்கோ ஒரு மேட்டில் ஏறியிருக்கிறாள், அண்ணன் அனுப்பிய செய்தி அங்கே வந்திருக்கிறது.

என்னை அழக்கூட விடவில்லை. "அம்மா, ரத்தம் எடுத்தாங்களா? பஞ்சு இன்னா கலரு?"

பார்த்தேன். சிவப்பில்லை. காப்பித்தூள் நிறம்.

"பாலுக்குக் கிணத்துத் தண்ணியா? சொட்டுநீருக்கு உரம் கலக்கற டிரம் கிணத்தாண்டதான் இருக்குதா? போனை டாக்டராண்ட குடு."

"நீங்க எந்த ஆஸ்பத்திரி?" என்றார் டாக்டர். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. "நான் வைத்தியம் பண்றவ இல்லீங்க சார். அஞ்சு வருஷமா இந்தத் தண்ணியையும், இதக் குடிக்கிற கைக்குழந்தைங்களையும்தான் ஆராய்ச்சி பண்ணேன். இது ஹார்ட் இல்ல. ரத்தத்துல மெத்தமோகுளோபின் பாருங்க."

அவர் பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஓடினார். ஏற்றிய மருந்தும் நீலமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரத்தில் பேரனின் உதடு சிவந்தது. வீறிட்டு அழுதான்.

மாலையில் மேகலா வந்தாள். கரண்ட் நின்றால் உரக் கரைசல் குழாய் வழியாகக் கிணற்றுக்கே திரும்புமாம். பெரியவர்கள் குடித்தால் ஒன்றும் ஆகாது, கைக்குழந்தையின் ரத்தத்தைத்தான் ஆக்சிஜன் ஏந்த விடாமல் கெடுக்குமாம். கொதிக்க வைத்தாலும் உரத்திலுள்ள அந்த நைட்ரேட் உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். "நீ விழுந்து விழுந்து காய்ச்சின பாரு, அதான்" என்றாள். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. "அந்தக் கிணத்துல வேற யாரு தண்ணி எடுக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே கிளம்பிவிட்டாள். பேரன் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காரவில்லையே என்று எனக்குக் கோபம்.

அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்து, அதே கிணற்றில் தண்ணீர் எடுக்கும் செல்வியின் குழந்தை தை மாதம் இறந்தது. நாற்பது நாள் குழந்தை, அதற்கும் டின் பால்தான். உடம்பு நீலம் பாரித்திருந்தது. காத்து கருப்பு என்று பேசிக்கொண்டோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

இன்று அந்த டிரம் கிணற்றடியில் இல்லை. மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் உட்கார வைத்துச் சொல்கிறேன். இதைப் படிக்கும் அன்பர்களே, கதி கலங்கும்போது அந்த ஈஸ்வரனைக் கூப்பிடுங்கள். அவன் கேட்கிறான். நீங்கள் மட்டம் தட்டியவர் வாயிலிருந்தே பதில் வரும். அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

தேன் அபிஷேகம் முடித்து வீடு திரும்பியபோது வாசலில் செல்வி நின்றிருந்தாள். மேகலா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். நான் நீட்டிய பிரசாதத்தைச் செல்வி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"தம்பி நல்லா கீதாங்கம்மா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"நானும் நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே மூணு தபா காய்ச்சித்தாங்கம்மா குடுத்தேன்."