விரலை நம்பினேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்து மத்தியானம், திருப்பூரில் அருள்புரம் பக்கம் ஒரு காம்பாக்டிங் யூனிட்டில் நடந்தது இது. சாயம் ஏறி வரும் பனியன் துணியை நீராவி காட்டி அழுத்தி, கேட்ட எடைக்குக் கொண்டுவரும் இடம் அது. நான் முதலிபாளையத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணிக்குப் பொறுப்பாளர். வருகிற துணியைப் பார்த்து, சரியென்றால் கட்டிங்குக்கு அனுப்புவேன். இல்லையென்றால் திருப்பி அனுப்புவேன்.

துணியின் கனத்தை நாங்கள் ஜிஎஸ்எம் என்போம். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற கணக்கு. வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். எனக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு "நூத்தி அறுவது" என்பேன். தராசும் அதையேதான் சொல்லும். இருபத்தைந்து வருடமாக இந்த விரலுக்குத்தான் எனக்குச் சம்பளம். தலைக்கனமும் அதனால்தான்.

என் அப்பா ஐம்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனவர். எனக்கு ஐம்பத்திரண்டு ஆனபோது, எட்டு வருடமாக இருந்த சர்க்கரையோடு கொழுப்பும் ஏறி நின்றது. கறியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை என் செல்போன் சொன்னது. ஒரு வீடியோ பால் ஆகாது என்றது. இன்னொன்று தயிர் அமிர்தம் என்றது. முட்டை நல்லது என்று ஒருவரும் விஷம் என்று ஒருவரும் ஒரே நாளில் சொன்னார்கள். எதை நம்புவது என்று தெரியாமல், வம்பே வேண்டாம் என்று எல்லாவற்றையும் விட்டேன். கறி, மீன், முட்டை, பால், மோர் எதுவும் கிடையாது. கீரை, காய், பயறு, கம்பு, பழம் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளாட்டுக் கறி இல்லாமல் விடியாத வீடு எங்களுடையது. என் மனைவி ஒரு மாதம் பொறுத்தாள். அப்புறம் ஒருநாள் சுரைக்காயை நறுக்கிக்கொண்டே, "ஏனுங்க, தோட்டத்துல மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கறாங்க. உங்களுக்கும் ஒரு கத்தை வாங்கியாரட்டுங்களா?" என்றாள். நான் சிரித்துக்கொண்டே கீரைக் கூட்டை வழித்துத் தின்றேன்.

ஒன்றரை வருடத்தில் பதினோரு கிலோ குறைந்தது. சர்க்கரை இறங்கியது. அப்பாவின் வயதைத் தாண்டி இன்னும் முப்பது வருடம் ஓட்டிவிடலாம் என்று நிஜமாகவே நம்பினேன். அதே சமயத்தில்தான் வேறு சில விஷயங்களும் நடந்தன. எதற்காக ஸ்டோர் ரூமுக்குள் வந்தேன் என்பது மறந்துபோகும். விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும். வயசு, வெயில், செல்போன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நானும் தலையாட்டிக்கொண்டேன்.

இதற்கு நடுவே, அந்த யூனிட்டிலிருந்து வந்த துணியெல்லாம் என் கைக்கு மெலிசாகப் பட்டது. மூன்று லாட்டை வரிசையாகத் திருப்பி அனுப்பினேன். "எடை போட்டுப் பார்க்கலாங்களா சார்?" என்று எங்கள் ஸ்டோர்காரர் கேட்டதற்கு, "என் விரலுக்கு மேல தராசா?" என்று வாயை அடைத்தேன். நாலாவது லாட்டும் அப்படியே பட்டதும், நேரிலேயே பார்த்துக் கேட்டுவிடுவது என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

மெஷின் ஓட்டுகிறவர் பீகார்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். "ஏம்ப்பா, நூத்தி அறுவது கேட்டா நூத்தி நாப்பதுல ஓட்டி அனுப்பறே. உனக்கெல்லாம் யாரு இந்த மெஷினக் குடுத்தா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் துணியில் ஐந்து இடத்தில் வட்டம் வெட்டித் தராசில் வைத்தார். நூற்று அறுபது. நூற்று அறுபத்தொன்று. நூற்று ஐம்பத்தொன்பது. உன் தராசு பொய் என்றேன். பக்கத்து யூனிட்டுக்குப் போய் அவர்கள் தராசை வாங்கி வந்தார். அதுவும் அதையே காட்டியது. துணியை மறுபடியும் தேய்த்துப் பார்த்தேன். மெலிசாகத்தான் இருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவர் என் காலைப் பார்த்தார். "அண்ணா, ஒரு செருப்புதான் போட்டிருக்கு" என்றார்.

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. அந்தச் செருப்பு கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கிடந்தது. ஜல்லிக் கல் மேல் அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறேன், தெரியவில்லை. உள்ளங்காலில் அட்டைப்பெட்டிக்கு அடிக்கிற பின் ஒன்று ஏறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதுவும் தெரியவில்லை. அப்போது எனக்கு வந்த பயத்தைச் சொல்லத் தெரியவில்லை.

சற்றுமுன் நான் திட்டித் தீர்த்த அந்த மனிதர் என்னை உட்கார வைத்து, பின்னைப் பிடுங்கி, காலைக் கழுவித் துணி சுற்றிவிட்டார். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் அண்ணா. செருப்பு போனா தெரியாது. நாங்க கறி, முட்டை தொடமாட்டோம், பாலுக்கும் வசதி இல்ல. டாக்டர் ஊசி போட்டாரு, சரியாச்சு. நீங்க நாளைக்கே போங்க" என்றார். கொஞ்சம் தயங்கி, "மூணு தடவை துணி திரும்பி வந்ததால ஓனர் என்னை ஒண்ணாந்தேதியோட நின்னுக்கச் சொல்லிட்டாருங்க. துணி சரின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். சொல்கிறேன் என்றேன்.

ரத்தப் பரிசோதனையில் பி12 சத்து அடிமட்டத்தில் இருந்தது. "காய்கறி சாப்பிட்டது ரொம்ப நல்லதுங்க, சர்க்கரை, கொழுப்பெல்லாம் அருமையா இறங்கியிருக்கு. ஆனா இந்தச் சத்து செடி கொடியில கிடைக்காது. பால், முட்டையும் விட்டா மாத்திரை போட்டே ஆகணும். நீங்க வருஷக்கணக்காப் போடற சர்க்கரை மாத்திரையும் இதைக் குறைக்கும்" என்றார் டாக்டர். ஒரே காகிதத்தில் ஒரு பக்கம் நல்ல செய்தி, ஒரு பக்கம் கெட்ட செய்தி. சந்தோஷப்படுவதா, அழுவதா என்று விளங்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் நான் கொடுத்த வாக்கு? ஓனரிடம் உண்மையைச் சொன்னால், என் விரல் செத்துப்போன கதை ஒரே நாளில் திருப்பூர் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் என் வேலை? முதல் ஊசி போட்டுக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, கொஞ்சம் உணர்வு வரட்டும் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் வெட்கத்தை விட்டு நேரில் போனேன். மெஷினில் வேறு ஆள் நின்றிருந்தார். ஒன்றாம் தேதி கடந்து மூன்று நாளாகியிருந்தது. ஓனரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, பீகார்க்காரரின் போன் நம்பரைத் தேடிக் கொடுத்தார்.

நாலைந்து நாள் விடாமல் கூப்பிட்ட பிறகுதான் எடுத்தார். பஞ்சாபில், லூதியானாவில் இருப்பதாகவும், இன்னும் வேலை அமையவில்லை என்றும் சொன்னார். திரும்பி வரச் சொன்னேன். குடும்பத்தையும் கூட்டி வந்துவிட்டதால் இனி முடியாது என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டார், "கால் எப்படி இருக்கு அண்ணா? ஊசி போட்டீங்களா?"

இன்றும் பெரும்பாலும் காய்கறிதான் சாப்பிடுகிறேன், கூடவே அந்த மாத்திரையும். விரலில் பாதி உணர்வு திரும்பிவிட்டது, எதையும் எடை போட்டுப் பார்த்த பிறகே பேசுகிறேன். ஆயுளைக் கூட்ட என்னென்னவோ தின்றும் தின்னாமலும் பார்த்துவிட்டேன். ஆனால் என் வாயிலிருந்து வர வேண்டிய ஒரே ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் காத்திருக்க, நான் தள்ளிப்போட்ட அந்த ஒன்பது நாட்களை என் ஆயுளில் எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் இன்னும் எனக்குத் தெரியவில்லை.