லைன் என்றால் தண்டவாளமில்லை

ராஜலிங்கத்துக்குப் பாம்பென்றால் பயமில்லை. கண்டிக்கு மேலே, மலைச்சரிவு ஹோட்டலொன்றில் பதினெட்டு வருடமாகத் தோட்டக்காரர். விரியனை வாலைப் பிடித்துத் தூக்கிச் சாக்கில் போட்டுவிடுவார். பயமெல்லாம் இங்கிலீசுக்குத்தான். அது சாக்குக்குள் அடங்காது.

புதிதாக வந்த கொழும்பு மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார்: விருந்தினர் கண்ணில் படும் ஊழியர் அனைவரும் அடுத்த மாத முதல் வெள்ளியன்று ஆங்கிலத்தில் பேசிக் காட்டவேண்டும், தேறாதவருக்கு வேலையில்லை. மரங்களும் கண்ணில் படுகின்றனவே என்று கேட்க யாருக்கும் துணிவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் ராஜலிங்கம் வகுப்புக்குப் போனார். டவுனில், புடவைக்கடை மேல்மாடியில். அக்குறணையிலிருந்து வரும் ஸுமைரா டீச்சர் இலக்கணம் நடத்துவதில்லை. அவரவர் ஊர்க்கதையைத் தோண்டி, அதற்குள்ளிருந்து இங்கிலீசை எடுப்பார்.

"அங்கிள், தேயிலைத் தோட்டத்துல காலைல வேலைக்குப் பேர் குடுக்குற எடம்?"

"பெரட்டுக்களம், டீச்சர்."

"அது பரேட். பேசி முடிச்சு எடுக்குற வேல?"

"கொந்தரப்பு."

"கொன்ட்ரக்ட். பொறந்த வீடு?"

"லயம்."

"லைன். ஒரே கூரைக்குக் கீழ வரிசையா அறைகள். பாருங்க, நீங்க பரம்பரையா பேசுறது இங்கிலீஷ்தான்."

ராஜலிங்கம் பென்சிலைக் கீழே வைத்தார். மூன்றும் துரைமாரின் வாயிலிருந்து வந்த சொற்கள். அவர் பிறந்த ஹேவாஹெட்ட தோட்டத்தில் துரை வந்து நின்றால், அப்பா தலைத்துண்டை இறக்கிக் கக்கத்தில் வைப்பார். இப்போது அந்தப் பயத்துக்குச் சரியான உச்சரிப்பும் கிடைத்துவிட்டது.

அந்த முதல் வெள்ளிக்கிழமை காலை, மனைவி பாப்பம்மா சோற்றுப் பார்சலை நீட்டினாள். "பாம்பு புடிக்கிற ஆளு, எஸ்சு நோ சொல்றதுக்கா இப்புடி நடுங்குறீங்க?"

"பாம்பு கேள்வி கேக்காது, பாப்பம்மா."

அலுவலக அறையில் மேனேஜர் கதிரையைக் காட்டினார். ராஜலிங்கம் உட்காரவில்லை. கால்கள் தாமாக ஒட்டி நின்றன. தொப்பி கக்கத்துக்குப் போயிருந்தது. எங்கே பிறந்தீர் என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"லைன், சேர்."

"ரயில்வே லைன்?"

"யெஸ், சேர்." பயத்துக்குத் தெரிந்த ஒரே விடை.

மேனேஜரின் முகம் வெளிறியது. பேராதனைச் சந்தி ஸ்டேஷனில், தண்டவாளத்தில், ஒரு பிரசவம் அவர் கண்ணுக்குள் நடந்துகொண்டிருந்தது. "யுவர் மதர்... ஒன் த ரெயில்ஸ்?"

அம்மாவைத் தண்டவாளத்தில் கிடத்திவிட்டார். அதை மட்டும் ராஜலிங்கத்தால் தாங்க முடியவில்லை.

"நோ, சேர். நோ ட்ரெயின். டென் ரூம், ஒன் ரூஃப். லைன். மை மதர் மோர்னிங் பரேட், கொன்ட்ரக்ட் வேர்க். யுவர் வேர்ட், சேர். இங்லிஷ் வேர்ட்."

சொல்லி முடித்தபோது சேர்ட் முதுகில் ஒட்டியிருந்தது. மேனேஜர் பேனாவை மூடிவைத்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ராஜலிங்கத்தை இன்னும் பயமுறுத்தியது.

"பாஸ்," என்றார் வீட்டுக்கு வந்து பாப்பம்மாவிடம்.

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்புடி இருக்கு?"

"இந்தக் கதைய வெள்ளக்காரங்களுக்குச் சொல்லணுமாம். திங்கக்கெழமையிலருந்து, டெய்லி நாலு மணிக்கு, அவங்க டீ குடிக்கிற நேரத்துல."

திங்கட்கிழமை மூன்றரைக்கு, டீ நேரத்துக்கு வரமுடியாதென்று சாக்குச் சொல்ல, ராஜலிங்கம் சாக்கோடு பூப்பாத்தி பூப்பாத்தியாக விரியன் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட அகப்படவில்லை.